வலியைச் சொல்லாத உடலும் அதைப் படிக்கும் செவிலியரும்

மருத்துவத்தின் அன்றாட நடைமுறை நோயாளியின் வாய்மொழியை நம்பியே இயங்குகிறது. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது, சாப்பிட்டதும் கூடுகிறதா, படுத்தால் குறைகிறதா என்னும் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே எந்தச் சோதனையை உடனே செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. அந்த விடைகளை ஒருபோதும் தர இயலாத நோயாளிகளும் உண்டு. கடுமையான அறிவுசார் குறைபாடு உடையவர்களில் பலர் பேசுவதில்லை. சிலர் ஓரிரு சொற்களைப் பேசினாலும் அவற்றைக் கொண்டு உடலுக்குள் நடப்பதை விளக்க இயலுவதில்லை. வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுவதுகூடப் பலருக்குக் கைகூடுவதில்லை. இத்தகையவர்களை இரவும் பகலும் கவனித்துக்கொள்ளும் செவிலியர் அவர்களுடைய நோவை எவ்வாறு அறிகின்றனர் என்பதும், அறிந்ததை மருத்துவர் ஏற்கும்படி செய்வதற்கு ஏன் அவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதும் சென்ற நாற்பது ஆண்டுகளில் தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்துள்ளன.

அறிவுசார் குறைபாடு என்பது வளர்ச்சிப் பருவத்திலேயே தொடங்கி, கற்றல், பகுத்தறிதல் ஆகியவற்றையும் அன்றாட வாழ்வைத் தானே நடத்திக்கொள்ளும் திறனையும் ஒருசேரப் பாதிக்கும் நிலை. மக்கள்தொகையில் ஏறக்குறைய 1 விழுக்காட்டினருக்கு இது உண்டு. அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு உள்ளது லேசான குறைபாடே. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் லேசானது, மிதமானது, கடுமையானது, மிகக் கடுமையானது என நான்கு படிநிலைகள் உள்ளன. நுண்ணறிவுச் சோதனைகள் கீழ்மட்டத்தில் நம்பத்தக்க அளவைத் தருவதில்லை என்பதால், கடைசி இரண்டு படிகளையும் அந்தப் பட்டியலின் பதினோராம் பதிப்பு சோதனை எண்ணைக் கொண்டு பிரிப்பதில்லை; உண்ணுதல், உடுத்துதல், கழிப்பறை செல்லுதல், பிறரோடு தொடர்புகொள்ளுதல் போன்றவற்றில் ஒருவருக்கு எவ்வளவு துணை தேவைப்படுகிறது என்பதைக் கொண்டே பிரிக்கிறது. குரோமோசோம் மாற்றம், ஒற்றை மரபணுப் பிழை, கருவில் தாக்கிய தொற்று, பிறப்பின்போது மூளைக்குப் போன ஆக்சிஜன் குறைந்தது எனக் காரணங்கள் பல. காரணம் எதுவானாலும், குறைபாடு கடுமையாகும்போது அது தனித்து வருவதில்லை. வலிப்பு நோய், விழுங்குவதில் சிக்கல், முதுகெலும்பு வளைவு, இரைப்பை அமிலம் மேலெழுதல், நீடித்த மலச்சிக்கல், பார்வையிலும் செவியிலும் குறை என ஒரே உடலில் பல நோய்கள் சேர்ந்து குடியிருப்பதே வழக்கம்.

இந்தப் பணிக்கெனத் தனிச் செவிலியர் பிரிவு உலகின் பெரும்பாலான நாடுகளில் கிடையாது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மட்டும் வயதுவந்தோர், குழந்தைகள், மனநலம் ஆகிய பிரிவுகளைப் போலவே அறிவுசார் குறைபாட்டுச் செவிலியம் என்பதும் பட்டப்படிப்பிலேயே தேர்ந்தெடுக்கக்கூடிய பிரிவாக நிலைத்திருக்கிறது. எனவே இத்துறையின் ஆய்வுகளில் பெரும்பகுதி அவ்விரு நாடுகளிலிருந்தே வந்திருக்கிறது. அந்த வரலாறு பெருமைக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைக் கடந்தும் பிரிட்டனில் இத்தகைய மக்களுள் பலர் ஊருக்கு வெளியே அமைந்த பெரிய மருத்துவமனைகளில் ஆயுள் முழுதும் அடைக்கப்பட்டிருந்தனர். வேல்ஸின் கார்டிஃப் நகரிலிருந்த ஈலி மருத்துவமனையில் நோயாளிகள் கொடுமைக்குள்ளாவதை 1967இல் ஒரு செய்தித்தாளுக்குத் தெரிவித்தவர் மருத்துவரோ தலைமைச் செவிலியரோ அல்லர். அங்கே கடைநிலையில் இருந்த செவிலிய உதவியாளர் ஒருவர். ஜெஃப்ரி ஹவ் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1969இல் வெளிவந்தது. 1971இல் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை பெரிய மருத்துவமனைகளை விட்டு ஊருக்குள் அமையும் சிறு இல்லங்களை நோக்கி நகர வேண்டும் என்றது. அரசு அமைத்த ஜே குழு 1979இல் இன்னும் ஒரு படி மேலே போய், இப்பணிக்குச் செவிலியரே தேவையில்லை, சமூகப் பணியாளர் போதும் என்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரை நடைமுறைக்கு வரவில்லை. இவர்கள் நோயாளிகள் அல்லர், வாழ்நாள் முழுதும் மருத்துவமனையில் வைக்கப்பட வேண்டியவர்களும் அல்லர் என்னும் அளவில் அக்குழு சொன்னது சரி. ஆனால் மேலே சொன்ன நோய்கள் இல்லம் மாறியதால் மறைந்துவிடவில்லை.

ஒரு வேளை உணவை எடுத்துக்கொண்டாலே இப்பணியின் நுட்பம் விளங்கும். விழுங்கும்போது குரல்வளையின் வாயில் சரியான நேரத்தில் மூடாவிட்டால் உணவும் நீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். இதைப் புரையேறல் என்கிறோம். நலமான ஒருவருக்குப் புரையேறினால் இருமல் வந்து வெளியே தள்ளிவிடும். நரம்பு இயக்கம் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அந்த இருமல் வருவதில்லை. ஓசையில்லாமல் உள்ளே இறங்கியது நுரையீரலில் தங்கி நிமோனியாவாகிறது. இம்மக்களின் இறப்புக் காரணங்களுள் இது முன்வரிசையில் இருப்பது. ஆகவே நீரையும் உணவையும் ஒவ்வொருவருக்கும் ஏற்ற அடர்த்தியில் தர வேண்டியிருக்கிறது. இதற்கெனப் பன்னாட்டு அளவில் வகுக்கப்பட்ட தரநிலையில் சாதாரண நீர் 0 எனத் தொடங்கி வழக்கமான திட உணவு 7 என முடியும் எட்டுப் படிகள் உள்ளன. பானத்தின் படியைச் சோதிக்கத் தேவைப்படுவது ஊசி மாட்டாத 10 மில்லிலிட்டர் சிரிஞ்சு ஒன்றுதான்: நுனியை விரலால் அடைத்துப் பானத்தை 10 குறிவரை நிரப்பி, விரலை எடுத்து, சரியாக 10 விநாடி ஒழுகவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். சிரிஞ்சில் 1 மில்லிலிட்டருக்கும் குறைவாக எஞ்சினால் அது வெறும் நீர். 4 முதல் 8 வரை எஞ்சினால் இரண்டாம் படி. இரண்டாம் படியில் தர வேண்டியவருக்கு முதற்படியில் தந்துவிட்டால், அன்று இரவே காய்ச்சல் தொடங்கக்கூடும். தலையை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும், ஒரு கரண்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு காத்திருக்க வேண்டும், தொண்டையில் கேட்கும் ஈரமான கரகரப்பு எதைக் குறிக்கிறது என்பவை யாவும் இதனோடு சேரும். ஒருவருக்கு ஊட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆவது வியப்பில்லை. அதையே இருபது நிமிடத்தில் முடிக்கச் சொல்லும் பணி அட்டவணைதான் வியப்புக்குரியது.

வலியைப் பற்றிய அறிவு இதைவிடச் சிக்கலானது. கடுமையான குறைபாடு உடையவர்களுக்கு வலி குறைவாகவே தெரியும் என்ற எண்ணம் மருத்துவ உலகில் நெடுங்காலம் நிலவியது. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1979இல் வகுத்த வரையறையை 2020இல் திருத்தியபோது, வலியை எடுத்துச் சொல்ல இயலாமை வலி இல்லாமையைக் காட்டாது என்னும் குறிப்பை அதனோடு வெளிப்படையாகச் சேர்த்தது. வலியின் அடையாளங்கள் மட்டும் எதிர்பார்க்கும் வடிவில் வருவதில்லை. வலிக்கும்போது அழாமல் சிரிப்பவர் உண்டு. உறைந்துபோய் அசையாதிருப்பவர் உண்டு. தன் காதையோ தலையையோ அறைந்துகொள்பவர் உண்டு. சில மரபணு நோய்கள் இந்தக் குழப்பத்தை மேலும் கூட்டுகின்றன. ஏஞ்சல்மன் நோய்க்குறி உடையவர்களிடம் அடிக்கடி தோன்றும் சிரிப்பு அந்நோயின் ஓர் அடையாளமே ஆதலால், அதைக் கொண்டு அவர் இன்பமாக இருக்கிறார் என்று முடிவுகட்ட முடியாது. பிராடர் வில்லி நோய்க்குறி உடையவர்கள் வலியை எளிதில் உணர்வதில்லை. அவர்களுக்கு வாந்தியும் அரிதாகவே வரும். எனவே வயிற்றில் நேரும் ஆபத்து கடைசிக் கட்டம்வரை வெளிக்காட்டாமல் இருந்துவிடலாம். கர்னீலியா டி லாங்கே நோய்க்குறியில் காணப்படும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் செயலுக்குப் பின்னால் இரைப்பை அமிலம் மேலெழும் எரிச்சல் இருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் கழுத்தை ஒருபக்கம் முறுக்கி முதுகை வில்லாக வளைப்பவரை வலிப்பு வந்தவராகக் கருதி மருந்தைக் கூட்டுவதும் நடக்கிறது. அதே வளைவு உணவுக்குழாய் எரிச்சலாலும் வரும், அப்போது தேவைப்படுவது வேறு மருந்து.

இந்தச் சிக்கலுக்கு விடையாக 1990களின் இறுதியிலிருந்து வலி மதிப்பீட்டுக் கருவிகள் உருவாயின. கருவி என்றால் இங்கே இயந்திரமன்று. கவனித்துக் குறிக்க வேண்டியவற்றின் சீரான பட்டியல். கனடாவில் பேசாத குழந்தைகளுக்கென உருவான பட்டியலின் திருத்திய வடிவம் 2002இல் வெளிவந்தது. அதில் குரல், முகம், உடலசைவு, பிறரோடு பழகும் விதம், உணவு, உறக்கம், வியர்வை, நிற மாற்றம் எனப் பல தலைப்புகளில் 30 அடையாளங்கள் உள்ளன. குழந்தையை இரண்டு மணி நேரம் கவனித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இட வேண்டும். கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் வலி உண்டென்று கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் பயன்படும் ஃப்ளாக் என்னும் அளவுகோல் இன்னும் எளியது: முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுதல் என ஐந்தே தலைப்புகள், மொத்தம் 10 மதிப்பெண். 2006இல் அமெரிக்காவின் மிச்சிகனில் அதைக் குறைபாடுடைய குழந்தைகளுக்கு ஏற்பத் திருத்தியவர்கள் செய்த மாற்றம் சிறியது. ஆனால் மிகுந்த பொருளுடையது. ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஒரு கோடு காலியாக விடப்பட்டது. இந்தக் குழந்தை மட்டும் வலியின்போது என்ன செய்யும் என்பதைத் தாயோ வழக்கமாகப் பார்த்துக்கொள்பவரோ அந்தக் கோட்டில் எழுத வேண்டும்.

இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசில் நகரின் அந்திமப் பராமரிப்பு இல்லம் ஒன்றைச் சேர்ந்த கிளாட் ரெக்னார்டு என்னும் மருத்துவர் அறிவுசார் குறைபாட்டுச் செவிலியரோடு சேர்ந்து உருவாக்கிய டிஸ்டாட் என்னும் கருவி இதே எண்ணத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றது. 2007இல் வெளிவந்த அதன் அடிப்படை வாதம் பலருக்கு அதிர்ச்சியளித்தது: வலிக்கென்றே உரிய தனி முகக்குறியோ ஓசையோ இருப்பதற்குச் சான்று இல்லை, அச்சம், மலச்சிக்கல், பல்வலி, தனிமை எதுவானாலும் ஒருவர் காட்டும் துன்ப அடையாளம் ஒன்றாகவே இருக்கலாம். எனவே முதலில் அறிய வேண்டியது துன்பம் உண்டா என்பதே; அதன் காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம். துன்பத்தை அறிய வேண்டுமானால் அவர் நிறைவோடு இருக்கும்போது எப்படி இருப்பார் என்பது எழுத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே அந்தப் படிவத்தில் நிறைவான நிலைக்கு ஒரு பகுதியும் துன்ப நிலைக்கு மற்றொரு பகுதியும் அருகருகே அமைகின்றன. முகம், கண், தோல் நிறம், குரல், பேச்சு, பழக்கம், உடல் நிலை என ஒவ்வொன்றிலும் அந்த ஒருவருக்கு எது இயல்பு, எது இயல்பில்லை என்று எழுத வேண்டும். மதிப்பெண் எதுவும் இல்லை.

இக்கருவிக்கு முன்னோடியாக நடந்த நேர்காணல்களில் தெரியவந்தது கருவியைவிடச் சுவையானது. நெடுங்காலம் ஒருவரைப் பார்த்துக்கொண்ட செவிலியரும் பணியாளரும் அவர் துன்பப்படுவதைத் திறம்படக் கண்டுகொண்டனர். ஆனால் எதைக் கொண்டு கண்டுகொண்டீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சொல்ல முடிந்தவர்களும் அது வெறும் உள்ளுணர்வுதானே என்று தாங்களே அதைக் குறைத்து மதித்தனர். ஆண்டுக்கணக்கில் ஒரே முகத்தைப் பல நூறு நிலைகளில் பார்த்த கண்ணுக்குப் புருவத்தின் சிறு சுருக்கமும் தகவலே. அது இரத்த அழுத்தத்தைப் போல எண்ணாக வராததால் மட்டும் உள்ளுணர்வாகிவிடுவதில்லை. இத்துறையின் பெரும்பாலான அல்லல்கள் இந்த ஒரு தவறான வகைப்பாட்டிலிருந்தே பிறக்கின்றன என்று கொள்வதற்கு நிறைய இடமிருக்கிறது. வலி மதிப்பீட்டுக் கருவிகளின் உண்மையான பயன் வலியை அளப்பதில் இல்லை. செவிலியருக்கு ஏற்கெனவே தெரிந்ததை, பொறுப்பு மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கக்கூடிய எழுத்து வடிவுக்குக் கொண்டுவருவதில் இருக்கிறது.

எழுத்தில் இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதற்கும் ஆய்வு உண்டு. 1982இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் அவருடைய குழுவினரும் ஒரே நோய் அறிகுறிகளைக் கொண்ட குறிப்புகளை உளவியலாளர்களிடம் தந்து, சிலவற்றில் மட்டும் நோயாளிக்கு அறிவுசார் குறைபாடு இருப்பதாகச் சேர்த்திருந்தனர். அந்த ஒரு வரி இருந்த குறிப்புகளில் அதே அறிகுறிகள் நோயாகக் கணிக்கப்படுவது குறைந்தது. குறைபாடு என்னும் பெரிய அடையாளம் மற்ற எல்லா அடையாளங்கள் மீதும் நிழலாக விழுவதை நோயறிதலில் நேரும் நிழல்விழுதல் என்று இத்துறை குறிப்பிடுகிறது. உளநோய்க்குச் சொல்லப்பட்ட இது உடல்நோய்க்கும் பொருந்தும் என்பது விரைவிலேயே தெரிந்தது. தலையை மோதிக்கொள்கிறாரா, அது அவர் குறைபாட்டின் இயல்பு. சாப்பிட மறுக்கிறாரா, அது பிடிவாதம். இவ்வாறு எழுதி மூடப்பட்ட குறிப்பேடுகளுக்குள் காதுச் சீழும் குடல் அடைப்பும் சொத்தைப் பல்லும் கவனிக்கப்படாமல் கிடந்தன.

பிரிட்டனின் மென்கேப் என்னும் தொண்டு அமைப்பு 2007இல் வெளியிட்ட அறிக்கை மருத்துவமனைகளில் இறந்த ஆறு பேரின் கதையைச் சொன்னது. அவர்களுள் ஒருவர் பக்கவாதத்தால் விழுங்க முடியாமல்போன நிலையில் 26 நாள் உணவில்லாமல் கிடந்தவர். அதனைத் தொடர்ந்து ஜொனாதன் மைக்கேல் தலைமையில் அமைந்த விசாரணை 2008இல் அறிக்கை தந்தது. பின்னர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் இங்கிலாந்தின் தென்மேற்கில் நேர்ந்த 247 இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, அறிவுசார் குறைபாடுடைய ஆண்கள் பொது மக்களைவிடச் சராசரியாக 13 ஆண்டுகளும், பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாகவே இறந்திருந்தனர். நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையைத் தொடங்குவதிலும் நேர்ந்த தாமதம் இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாக இருந்தது. அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி உண்டு: ஏதோ சரியில்லை என்று தாயோ இல்லத்துப் பணியாளரோ முன்பே சொல்லியிருக்கிறார்; சொன்னது குறிப்பேட்டில் பதிவாகவில்லை, பதிவானபோதும் பொருட்படுத்தப்படவில்லை.

இதற்கு மாற்றாக வந்தவற்றுள் மருத்துவமனைக் கடவுச்சீட்டு என்னும் சிற்றேடு மிகப் பரவலானது. சிவப்புப் பக்கத்தில் ஒவ்வாமை, வலிப்பு மருந்து, புரையேறும் அபாயம் என உடனே தெரிந்தாக வேண்டியவை. மஞ்சள் பக்கத்தில் எப்படி உண்பார், வலியை எப்படிக் காட்டுவார், எதைக் கண்டால் அஞ்சுவார் என்பவை. பச்சைப் பக்கத்தில் அவருக்குப் பிடித்தவை. இதை எழுதுபவர் பெரும்பாலும் இல்லத்துச் செவிலியர்; படிக்க வேண்டியவர் நெரிசலான அவசரப் பிரிவில் நிற்கும் பொதுச் செவிலியர். படுக்கையோரத்தில் ஏடு கிடக்க, யாரும் திறந்து பார்க்கவில்லை என்ற முறையீடும் கூடவே வளர்ந்தது. அதனால்தான் பிரிட்டனின் பல மருத்துவமனைகள் இவ்விரு தரப்புக்கும் நடுவே நிற்கும் தொடர்புச் செவிலியரைப் பணியமர்த்தின. வரிசையில் காத்திருக்க முடியாதவருக்கு நாளின் முதல் நேரத்தை ஒதுக்குவது, குருதி எடுப்பதற்கு வாரக்கணக்கில் முன்பே இல்லத்தில் வெறும் கட்டுப்பட்டையைக் கையில் கட்டிப் பழக்குவது, மயக்க மருந்து தரும் ஒரே தடவையில் பல்லையும் காதையும் சோதித்துக் குருதியும் எடுத்துவிடுவது போன்றவை அவர்கள் செய்யும் வேலை. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி இவை சலுகைகள் அல்ல, மருத்துவமனையின் கடமை.

செவிலியரின் பணியில் மிகவும் களைப்பூட்டுவது எது என்று ஆராய்ந்தவர்கள், தூக்குவது துடைப்பது போன்ற உடலுழைப்பைவிட, அடிபடுவதையும் கடிபடுவதையும், ஒருவர் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதைத் தடுக்க இயலாமல் பார்த்துக்கொண்டிருப்பதையுமே முன்வைக்கின்றனர். இங்கே செவிலியர் அந்தச் செயலுக்கு என்ன காரணம் கற்பிக்கிறார் என்பது பெரிய விளைவை உண்டாக்குகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1998இல் பராமரிப்புப் பணியாளரிடம் நடத்திய ஆய்வில், வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தவருக்குச் சினம் கூடியது, உதவும் மனம் குறைந்தது. அவருடைய கட்டுப்பாட்டில் இல்லாதது என்று நினைத்தவருக்கு நேர்மாறாக நிகழ்ந்தது. ஆகவே ஒருவர் ஏன் அறைந்துகொள்கிறார் என்பதைக் கண்டுபிடிப்பது நோயாளிக்கு மட்டுமல்ல, செவிலியருக்கும் மருந்தாகிறது. 1982இல் பிரையன் இவாட்டா குழுவினர் காட்டிய முறைப்படி, சூழலைத் திட்டமிட்டு மாற்றி மாற்றி அமைத்து, ஒவ்வொன்றிலும் அச்செயல் எவ்வளவு நிகழ்கிறது என்று ஒழுங்காகக் குறித்துவந்தால், பிடிக்காத வேலையிலிருந்து தப்புவதற்காகவா, யாராவது அருகில் வருவதற்காகவா, அல்லது உடலுக்குள் இருக்கும் வலிக்காகவா என்பது பெரும்பாலும் தெளிவாகும்.

இவ்வாறு தேடுவதற்குப் பதிலாக மருந்தைக் கொடுப்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. மனச்சிதைவு நோய்க்கான மருந்துகள் அந்நோய் இல்லாதவர்களுக்கும் அமைதிப்படுத்துவதற்காக ஆண்டுக்கணக்கில் தரப்பட்டன. பீட்டர் டைரரும் அவருடைய குழுவினரும் 86 பேரிடம் நடத்தி 2008இல் லான்செட் இதழில் வெளியிட்ட சோதனையில் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் ஆகிய இரு மருந்துகளோடு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் ஒப்பிடப்பட்டது. மூன்று பிரிவிலும் மூர்க்கம் குறைந்தது. மிகக் கூடுதலாகக் குறைந்தது வெற்று மாத்திரை பெற்றவர்களிடம். சோதனைக்காகத் திரும்பத் திரும்ப வந்து கவனித்ததும் எதிர்பார்ப்போடு அணுகியதுமே அந்தக் குறைவுக்குக் காரணமாகியிருக்க வேண்டும் என்பதே இம்முடிவுக்கு ஏற்ற விளக்கம். 2016இல் இங்கிலாந்து இம்மருந்துகளைக் குறைப்பதற்கென இயக்கமே தொடங்கியது. மாத்திரையைக் குறைத்தபின் வரும் முதல் சில வாரங்களைத் தாங்க வேண்டியவர் எழுதிக் கொடுத்த மருத்துவர் அல்லர், இரவுப் பணியில் தனியாக இருக்கும் செவிலியர் என்பதை இவ்வியக்கத்தின் ஆவணங்கள் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

பேசாதவரோடு உறவு எவ்வாறு உண்டாகிறது என்பதற்கும் முறையான வழி ஒன்று வளர்ந்துள்ளது. இங்கிலாந்தின் ஹார்பர்பரி மருத்துவமனை வளாகத்துப் பள்ளியில் 1980களில் டேவ் ஹெவெட், மெலனி நிண்ட் ஆகியோர் வளர்த்த அணுகுமுறை, கைக்குழந்தையோடு தாய் பழகும் விதத்தை அடிப்படையாகக் கொண்டது. அவர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தால் அருகில் அமர்ந்து அதே தாளத்தில் தானும் ஆடுவது, அவர் எழுப்பும் ஒலியை அப்படியே திருப்பித் தருவது, அவர் நிறுத்தினால் தானும் நிறுத்திக் காத்திருப்பது என்பதே அதன் சாரம். அடுத்த ஒலி தன்னை நோக்கி எழுப்பப்படுகிறதா என்று கவனிப்பவருக்குச் சில நாட்களிலோ பல மாதங்களிலோ விடை கிடைக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். வளர்ந்த மனிதரைக் குழந்தையாக நடத்துவது தகுமா என்ற விவாதமும் தொடக்கத்தில் எழுந்தது. ஆயினும் ஒருவரின் இயல்பான ஒலிகளை இத்தனை நெருக்கத்தில் கேட்டிருந்தவருக்கே அவற்றில் நேரும் மாற்றமும் முதலில் காதில் விழும்.

இந்த நெருக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. பணியின் ஒரு பகுதியாகவே உணர்ச்சியை வெளிக்காட்டவும் அடக்கவும் வேண்டியிருப்பதை உணர்ச்சி உழைப்பு என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1983இல் விளக்கினார். அதற்கு அடுத்த ஆண்டு ஆண்ட்ரூ ஜேம்டன் இன்னொன்றைச் சுட்டினார்: செய்ய வேண்டியது எது என்று தெளிவாகத் தெரிந்திருந்தும் நிறுவனத்தின் தடையால் அதைச் செய்ய இயலாதபோது செவிலியருக்கு உண்டாகும் அறத் துயரம். குருதி எடுப்பதற்காக ஒருவருடைய கையை நால்வர் பிடித்திருக்கும்போது, அவருக்கு நன்மைதான் செய்கிறோம் என்பதும் அவர் நம்மை நம்பியிருந்தார் என்பதும் ஒரே கணத்தில் உண்மையாக இருக்கின்றன. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், தானே முடிவெடுக்க இயலாதவருக்காகச் செய்யப்படும் எதுவும் அவருடைய நலனுக்கு உகந்ததாகவும் இயன்ற அளவு குறைந்த கட்டாயத்தோடும் இருக்க வேண்டும் என்கிறது. பிடிப்பதற்கு எத்தனை பேர் வேண்டும் என்பது சட்டத்தில் இல்லை.

இருபது முப்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்ட ஒருவர் இறக்கும்போது செவிலியர் அடையும் துயரத்துக்கு வெளியுலகில் இடமே இல்லை. கென்னத் டோக்கா 1989இல் விளக்கிய உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்பதற்கு இது தெளிவான சான்று: உறவினர் என்ற உரிமை இல்லை, விடுப்பு இல்லை, துக்கம் கேட்க வருபவரும் இல்லை, அந்தப் படுக்கைக்கு அடுத்தவர் விரைவில் வந்துவிடுவார்.

இந்தியாவில் இச்செவிலியத்துக்கெனத் தனிப் பதிவுப் பிரிவு இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளுள் அறிவுசார் குறைபாடும் ஒன்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ தன் வரையறையிலிருந்து இதனை வெளிப்படையாக விலக்கிவிட்டது. அவ்வாறு விலக்கியது சரியே, ஏனெனில் இது மனநோயன்று. ஆனால் பொதுச் செவிலியப் பாடத்திட்டத்தில் இது மனநலச் செவிலியத்தின் ஒரு சிறு பகுதியாகவே இன்னும் கற்பிக்கப்படுகிறது. இங்கே டிஸ்டாட் படிவத்தில் எழுத வேண்டியவை எல்லாம் பெரும்பாலும் ஒரு தாயின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அரசு மருத்துவமனை வார்டில் அவர் உடன் இருக்கும்வரை அது போதுமானது. அவருக்கு வயதாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

வயது என்பது இத்துறைக்கே புதிய பொருள். முன்பு இளமையிலேயே இறந்தவர்கள் இப்போது அறுபதையும் கடந்து வாழ்கின்றனர். டவுன் நோய்க்குறி உடையவர்களின் உடலில் 21ஆம் குரோமோசோம் மூன்று படிகளாக உள்ளது; அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தின் மூலத்தை ஆக்கும் மரபணு அதே குரோமோசோமில் இருப்பதால், நாற்பது வயதுக்குள் ஏறத்தாழ அவர்கள் அனைவர் மூளையிலும் அப்படிவுகள் தோன்றிவிடுகின்றன. ஆனால் நினைவாற்றலைச் சோதிக்கும் வழக்கமான கேள்வித்தாள் இவர்களிடம் பயன்படாது. என்றுமே தேதி சொல்லத் தெரியாதவர் இன்று சொல்லவில்லை என்பதால் எதையும் அறிய முடியாது. எனவே முப்பது வயதளவில், அவர் நலமாக இருக்கும்போதே, சட்டைப் பொத்தானை எப்படிப் போடுகிறார், படிக்கட்டில் எந்தக் காலை முதலில் வைக்கிறார், கரண்டியை எந்தக் கையில் பிடிக்கிறார், யாருடைய பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறார் என்பவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று பிரிட்டனின் வழிகாட்டு நெறிகள் பரிந்துரைக்கின்றன. பல இல்லங்களில் இதைக் காணொளியாகவே பதிவுசெய்கின்றனர். பத்தாண்டு கழித்துப் பொத்தான் போடத் தடுமாறினால், அது மறதி நோயா, தைராய்டு சுரப்புக் குறைவா, கண்புரையா, மனச்சோர்வா என்று பிரித்தறிவதற்கு மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான். அவற்றுள் கடைசி மூன்றுக்கும் சிகிச்சை உண்டு.